கொடுமணல்

பின்னலாடை ஏற்றுமதியால் இன்று உலகறிந்தது பொங்கலூரை உள்ளடக்கிய திருப்பூர் வட்டாரம். நொய்யல் பாயும் இந்நிலம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொலைதூர வணிகம் கண்டது. அதற்குச் சான்று, சென்னிமலைக்கு மேற்கே ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணல் என்னும் சிற்றூர்.

முசிறியையும் கருவூரையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைத்த பெருவழியில் இவ்வூர் அமைந்திருந்தது. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் 'கொடுமணம்' என்று இவ்வூரின் அருங்கலங்களைப் போற்றுகின்றன.

புலவர் கூற்றை மண்ணும் மெய்ப்பித்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வில் பட்டை தீட்டாத கற்களும், பாதி வேலை முடிந்த மணிகளும், துளையிட்ட மணிகளும் ஒருங்கே கிடைத்தன. மணிகள் இங்கேயே செய்யப்பட்டன என்பது இதனால் உறுதியாயிற்று. பச்சைக்கல் அருகிலுள்ள படியூரிலிருந்தும், சூதுபவளக்கல் குசராத்திலிருந்தும் வந்தன. இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற சுடுமண் தக்களி வட்டுகளும் வெளிப்பட்டன. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. எழுத்தறிவு அரண்மனையைக் கடந்து பரவியிருந்ததை இவை உணர்த்துகின்றன.

ஊரைச் சுற்றி நெடுங்கற்களும் கல்வட்டங்களும் கொண்ட பெருங்கற்கால ஈமக்காடு உள்ளது. வயலுக்காக நிலத்தைச் சமன்செய்ததில் பல கல்வட்டங்கள் அழிந்துவிட்டன. ஈமக்கல் இருக்கும் இடமே அதன் அடியில் உள்ள வரலாற்றுக்கு அடையாளம். இடம்பெயர்ந்தபின் அது வெறும் கல்லே. எஞ்சிய கற்களைக் காப்பது, எழுதப்படாத வரலாற்றின் பக்கங்களைக் காப்பதாகும்.