அசைபோடுதலும் விரிகுளம்பும்

திருவேங்கடத்துக் கரிசற்காட்டில் உச்சிவேளை வேப்பமர நிழலிற் படுத்திருக்கும் பசுவைக் கண்டோர், லேவியராகமம் பதினோராம் அதிகாரத்தை விளங்கிக்கொள்ள உரைநூல் தேடவேண்டுவதில்லை. காலையில் விரைந்து விழுங்கிய சோளத்தட்டையை அது மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து, கண்களைப் பாதி மூடி, மெல்ல அரைக்கின்றது.

இஸ்ரவேலர் புசிக்கத்தக்க விலங்குகட்கு மோசே விதித்த அடையாளங்கள் இரண்டு: அசைபோடுதல், விரிகுளம்பு. இரண்டும் ஒருங்கே அமைதல் வேண்டும். ஒட்டகம் அசைபோடும், விரிகுளம்புடையதன்று. பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கும், அசைபோடாது. இரண்டும் விலக்கப்பட்டன. இவ்விதிகள் உடல்நலம் பற்றியன என்பாருமுளர். அங்ஙனமாயின் ஒட்டகத்தை விலக்கியது ஏனென்பது புலப்படவில்லை. நூல் தானே கூறும் காரணம், பரிசுத்தராகிய தேவனுடைய ஜனங்களும் பரிசுத்தராயிருத்தல் வேண்டும் என்பதே.

அலெக்சந்திரியா யூதரிடைத் தோன்றிய அரிஸ்தேயாவின் நிருபம், அசைபோடுதலை நினைவுகூர்தலுக்கும் விரிகுளம்பைப் பகுத்தறிதலுக்கும் அடையாளமாகக் கொண்டது. பிற்பட்ட பர்னபாவின் நிருபமும் அசைபோடுதலை வசனத்தைத் தியானித்தல் என்றே விளக்கிற்று. நம் பிரசங்கிமாரும் இவ்வழியே செல்வர்: தியானமிருந்தும் நடக்கை இல்லாதவன் ஒட்டகம், நடக்கையிருந்தும் தியானமற்றவன் பன்றி. உவமை அழகியதே. ஆயினும் அதனோடு நின்றுவிடுதல் எளிய வழியென்றே எனக்குத் தோன்றுகின்றது.

யோப்பாவில் பேதுரு தங்கியிருந்தது தோல் பதனிடுவோனாகிய சீமோன் வீட்டில். செத்த விலங்கின் தோலைத் தொட்டுப் பிழைப்பவன் கூரையின்மீதே அவருக்கு அத்தரிசனம் கிட்டிற்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விலக்கப்பட்ட உயிர்களை அடித்துப் புசி என்னும் சத்தம் மும்முறை கேட்டும் அவர் ஒன்றையும் உண்டிலர்; கொர்நேலியுவின் வீட்டுக்கே சென்றார். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்னலாகாது என்று தாம் கண்டதற்குத் தாமே பொருளுரைத்தார். விலங்கைப் பற்றிய விதி மனிதரைப் பற்றியதாய் முடிந்தது. அவரே பின்னர் அந்தியோகியாவிற் புறஜாதியாரோடு உண்பதினின்றும் விலகிக்கொண்டார். பவுல் முகமுகமாய் அவரைக் கண்டித்தார்.

தமிழ்ச் சபையார் ஒட்டகத்தையும் முயலையும் பற்றிக் கவலைகொண்டதில்லை. சமைத்தவர் யார் என்பதையே வினவினர். 1833-இல் பிஷப் தானியேல் வில்சன் சபைகளினின்றும் சாதி வேற்றுமையை அறவே அகற்றவேண்டும் என ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெருங்கலக்கம் உண்டாயிற்று. 1850-இற் கூடிய சென்னை மிஷனரிமார் மாநாடு, யார் சமைத்த உணவையும் உண்ண இசைதலையே சாதியை விட்டதற்கு அடையாளமாகக் கொண்டது. நெல்லைச் சபைகளின் ஆலயப் பண்டிகைகளில் நடைபெறும் அசனத்திற் பலரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றனர். ஆண்டில் ஒருநாள் இஃது இயல்கின்றது. வீடுகளில் இயல்கின்றதா?

சென்ற விடுமுறையில் ஊழியக்குழு ஒன்றனோடு சிற்றூர் ஒன்றுக்குச் சென்றேன். ஜெபம் முடிந்தபின் அவ்வீட்டுத் தாயார் இரண்டு குவளைகளில் நீர்மோர் கொணர்ந்து நீட்டினார். என்னுடன் வந்த பெரியவர், "இப்பொழுதுதான் அம்மா, காபி குடித்து வந்தோம்" என்றார். காலைமுதல் நாங்கள் தண்ணீரும் அருந்தியிருக்கவில்லை. நானும் ஆமென்று தலையசைத்தேன். அவ்வம்மையார் மீண்டும் வற்புறுத்தவில்லை. குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார்.