ஆனி மாதத்தில் வீட்டுத்தோட்டத்தில் ஒரு சுற்று

வங்கியில் இருந்தவரை எனக்குக் கணக்கு முடிப்பது மார்ச் 31. இப்போது ஆனி மாதம்தான். கோடை ஓய்ந்து ஆடிப்பட்டம் தொடங்கும்வரை இருக்கிற இந்தச் சில வாரங்களில், வெயில் ஏறும் முன்னே தோட்டத்தை ஒரு சுற்று வந்தால், எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது, எதில் விதை எடுப்பது என்று தெரிந்துவிடும். கையில் ஒரு கத்தியும், பாதி தண்ணீரோடு ஒரு வாளியும் இருக்கட்டும். வாங்க, போவோம்.

"தக்காளி பூக்குது, காய் பிடிக்கலைங்க" என்று பலரும் கேட்கிறார்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். அதற்கென்று ஒரு கரைசலும் தேவையில்லை. செடி திடமாக இருந்தால் மூடாக்குப் போட்டு விட்டுவிடுங்கள். பாகல், பீர்க்கனிலும் இந்த வெயிலுக்கு ஆண் பூதான் அதிகம் வரும். கொடியைக் குறை சொல்லாதீங்க.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக வலை பின்னியிருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். குணமாகாது. பத்துச் செடி வைத்திருப்பவருக்கு இரண்டைப் பிடுங்க மனசு வராதுதான். ஆனாலும் பிடுங்கித்தான் ஆகணும்.

கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி வாளியில் போடுங்கள். ஓட்டை விழுந்த காயும் அங்கேதான். பாகலில் கோணலாகி, பழுத்து விழுந்த பிஞ்சுகளையும் பொறுக்குங்கள். பழ ஈயின் புழு அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். கொடியடி மண்ணைக் கொத்திக் கிளறிவிட்டால் மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

இனி பூச்செடிப் பக்கம். செம்பருத்தி நுனியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. உடனே வேப்பெண்ணெய் எடுக்கப் போகாதீர்கள், ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அந்தக் கூட்டத்திலேயே கொஞ்சம் பெரிதாக, மெழுகு இழைகளோடு, வேகமாக நகர்கிற ஒன்று இருந்தால் அது மாவுப்பூச்சி இல்லை. அதைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. பகைவன் வேஷத்திலேயே இருப்பதால் நம் கையாலேயே நசுங்கிச் சாகிறது, பாவம். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை எல்லாம் அழித்தது நினைவிருக்கும். அதை அடக்கியது 2010-ல் தருவித்து விடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். கடையில் வாங்கும் மருந்து நண்பனையும் சேர்த்தே கொல்லும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

காய்ந்த தக்காளியைப் பிடுங்கும்போது வேரைப் பார்க்காமல் வீசாதீர்கள். வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. (அவரை, தட்டை வேரில் இருக்கும் உருண்டைகள் வேறு. அவை விரலால் தள்ளினால் உதிரும், தழைச்சத்து சேர்ப்பவை.) அந்த இடத்தில் மறுபடி தக்காளியோ கத்தரியோ வேண்டாம். செண்டுமல்லியை நெருக்கமாக நடுங்கள். அதன் வேரிலிருந்து வரும் பொருள் நூற்புழுவை ஒடுக்கும். பூ சாமிக்கும் ஆச்சு.

கடைசியாக, விதை. எங்கள் ஊர் அம்மா ஒருத்தர் தந்த வெள்ளைக் கத்தரி என்னிடம் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. ஊரில் வேறு யாரும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. இந்தக் கோடையைத் தாண்டியது மூன்று செடி. அதில் நோயில்லாத, நன்றாகக் காய்த்த ஒன்றில் நாலு காயை விட்டிருக்கிறேன். "நல்ல காயை இப்படி முத்த விடுறீங்களே" என்று வீட்டில் தினமும் பேச்சு. காய் மஞ்சளாகி மெத்தென்று ஆனதும் பிளந்து, தண்ணீரில் பிசைந்து, மிதக்கும் விதையை வடித்துவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பானையில் வைக்க வேண்டும். ஆடி பிறந்ததும் நாற்று விட்டால் ஒரு மாதத்தில் நடவுக்கு வரும்.

ஒரு பழத்திலேயே நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். எனக்கு ஐம்பது போதும். மீதியை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். மடித்துக் கொண்டுபோக ஒரு துண்டுக் காகிதத்தோடு வாங்க.