கடல் கடந்த பின் காய்ச்சல் வந்தால்...



டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து, பிறகு மேற்படிப்புக்கு லண்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று போக வேண்டும் என்ற கனவு நம்மில் பலருக்கு உண்டு. பாஸ்போர்ட், விசா, பேங்க் லோன் பற்றியெல்லாம் சீனியர்களிடம் விசாரிக்கிறோம். "அங்கே உடம்புக்கு முடியலைன்னா என்ன செய்றது?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றி நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊரில் கவலையில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. அவசரம் என்றால் 108. சாதாரணக் காய்ச்சல் என்றால் மருந்துக் கடையில் சொன்னாலே நாலு மாத்திரையை மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கே அப்படி நடக்காது. ஆன்டிபயாடிக் வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு கட்டாயம்.

எங்கள் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படித்தார். ஒருநாள் கடுமையான வயிற்று வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் லட்சக்கணக்கில் பில் வரும் என்று பயந்து, ஊரிலிருந்து கொண்டுபோன வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் அறையிலேயே படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் கூடத் தங்கியிருந்த கேரள நண்பர் 999-க்குப் போன் செய்தார். குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலை! அன்றிரவே ஆபரேஷன். பில் எவ்வளவு தெரியுமா? ஒரு பைசா கிடையாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அதற்கான பணத்தை அவர் கட்டியிருந்தார். "பணம் கட்டினது தெரியும்டா தம்பி, அது எதுக்குன்னுதான் தெரியல" என்றார். உயிரே போயிருக்கும் நண்பர்களே!

நாட்டுக்கு நாடு முறை வேறு:

1. இங்கிலாந்து: மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை விசாவோடு கட்ட வேண்டும். இது 2024 பிப்ரவரியில் வந்த கட்டணம். ஓராண்டு எம்.எஸ்ஸி.க்கு விசா சுமார் பதினாறு மாதம் என்பதால் 1,164 பவுண்டு, அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். கட்டியவருக்கு டாக்டர், ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் தனிச் செலவில்லை. பல் வைத்தியம் இதில் முழுதாக அடங்காது; இங்கிலாந்துப் பகுதியில் மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் உண்டு. போய்ச் சேர்ந்த வாரமே 'ஜி.பி.' எனும் குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிந்துவிட வேண்டும். அவசரமில்லாத ஆலோசனைக்கு 111.

2. ஜெர்மனி: இன்சூரன்ஸ் இல்லாமல் கல்லூரியில் சேரவே முடியாது. 30 வயதுக்குள் இருந்தால் அரசு சார்ந்த இன்சூரன்ஸில் மாணவர் சலுகை உண்டு. அந்த அட்டையைக் காட்டினால் போதும். மருந்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ நம் பங்கு. அவசர எண் 112.

3. ஆஸ்திரேலியா: தங்கும் காலம் முழுவதற்கும் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் மாணவர் விசா. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அவசர எண் 000.

4. அமெரிக்கா: கல்லூரி சொல்லும் இன்சூரன்ஸ். அதிலும் குறிப்பிட்ட தொகை வரை நாம்தான் கட்ட வேண்டும்; பட்டியலில் உள்ள டாக்டரிடமே போக வேண்டும். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவசர எண் 911.

புறப்படும் முன்:

பல், கண் பரிசோதனையை இங்கேயே முடித்துவிடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஒரிஜினல் அட்டையோடும், ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் சீட்டோடும் கொண்டுபோக வேண்டும். நம்மிடம் சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. தடுப்பூசி விவரம், ரத்த வகை, ஒவ்வாத மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கிலாந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். அதற்கு அங்கீகாரம் பெற்ற மையங்கள் சென்னையில் உள்ளன.

டாக்டரிடம் சொல்வது எப்படி?

"உடம்பு ஒரு மாதிரியா இருக்கு", "வாயுப் பிடிப்பு" என்றால் நம்ம ஊர் டாக்டருக்குப் புரியும். அங்கே புரியாது. ஒர்க்‌ஷாப்பில் "மெஷின் ஓடல சார்" என்று சொன்னால் இன்ஸ்ட்ரக்டர் விடுவாரா? எந்தப் பாகம், எப்போதிலிருந்து, எவ்வளவு நேரம், என்ன செய்தால் அதிகமாகிறது என்று கேட்பார் அல்லவா? அதே மாதிரி நோயையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் இங்கிலாந்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை. மன உளைச்சல், தூக்கமின்மை இவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவையும் நோய்தான்.

லோன் போட்டு அனுப்பும் அப்பா அம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் நம் பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள். ஆனால், அவர்களுக்கு நாம் நல்லபடியாகத் திரும்பி வருவதை விடவா பணம் பெரிது? தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியாது. விசாவுக்குக் கட்டும் பணம் எதற்கென்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்வோம். வருமுன் காப்போம்!