ஸ்மித் சார்ட்டைப் போட்டது யார்?

கேள்வி: ஆர்.எஃப். சர்க்யூட் டிசைன் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். வட்டத்துக்குள் வட்டமாக ஸ்மித் சார்ட் என்று ஒன்று வருகிறது. இது எப்படி வந்தது? கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1928-ல் வேலைக்குச் சேர்ந்த ஃபிலிப் ஸ்மித் என்ற இன்ஜினீயர் போட்டது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் லைனோடுதான் அவருக்கு வேலை. லைனும் ஆன்டெனாவும் இம்பீடன்ஸில் ஒத்துப்போகாவிட்டால், போன அலையில் ஒரு பங்கு திரும்பி வரும். லைனில் இடம் மாற மாற இம்பீடன்ஸும் மாறும். ஒவ்வோர் இடத்துக்கும் கலப்பெண்களைப் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். கையில் இருந்ததோ ஸ்லைடு ரூல்.

முதலில் சதுரக் கட்டங்களில்தான் வரைந்து பார்த்தார். இம்பீடன்ஸ் முடிவிலிவரை போகுமே, தாளில் எப்படி அடங்கும்? ஆனால் திரும்பி வரும் அலை, போன அலையைவிடப் பெரிதாக இருக்காது. அதை வைத்து வரைந்தால் எல்லாமே ஒரே வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சார்ட்டின் உயிரே இந்த யோசனைதான். 1939 ஜனவரி ‘எலெக்ட்ரானிக்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. ஜப்பானில் மிசுஹாஷி தோசாகு 1937-லேயே இதே வழியைத் தனியாகக் கண்டிருந்தார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

ஒரு தாளும் காம்பஸும் எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஓம் கேபிளின் முனையில் 100 ஓம் லோடு. 100-ஐ 50-ஆல் வகுத்தால் 2. நடுக்கோட்டில் 2 என்ற புள்ளி, மையத்திலிருந்து ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். அவ்வளவு வோல்டேஜ் திரும்புகிறது. பவரில் ஒன்பதில் ஒரு பங்கு. மையத்தில் காம்பஸை ஊன்றி அரைச் சுற்று சுற்றினால் 0.5, அதாவது 25 ஓம். அந்த அரைச் சுற்று கேபிளில் கால் அலைநீளம். 100 மெகாஹெர்ட்ஸில் பாலிஎத்திலீன் கேபிள் என்றால் சுமார் 50 செ.மீ.

கம்ப்யூட்டர் விடையைத் தந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது காம்பஸைச் சுற்றிய கைக்குத்தான் பழகும். நெட்வொர்க் அனலைசரின் திரையில் இன்றும் அதே வட்டங்கள்தான் ஓடுகின்றன. அடுத்த பயிற்சியாக, நடுவே கால் அலைநீளத்துக்கு 75 ஓம் டிவி கேபிளைச் சேர்த்துப் பாருங்கள்: 100 ஓம் சுமார் 56 ஓமாகத் தெரியும், திரும்பும் பவர் அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.