செவ்வாயில் இறங்கும் இடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை 1: உயிர் இருக்கும் இடத்தை மறைக்கத்தான் வெறும் சமவெளியில் ஊர்தியை இறக்குகிறார்கள்.

உண்மை: எந்தப் பள்ளிக்குப் பேசப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கூடவே, "அந்த மனித முகப் பாறைக்கு ஏன் போகவில்லை?" என்றும். போதும், விட்டுவிடுங்கள். 1976-ல் வைக்கிங் 1 எடுத்த படத்தில் முகமாகத் தெரிந்தது நிழல் விழுந்த ஒரு குன்று. 2001-ல் எடுத்த தெளிவான படத்தில் அது குன்றாகவே இருக்கிறது.

2028-ல் கிளம்பவிருக்கும் ஐரோப்பாவின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தியைப் பாருங்கள். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பாராசூட்டால் வேகம் தணிய வேண்டுமானால், சராசரி மட்டத்துக்கு 2 கி.மீ.க்கும் கீழே தாழ்ந்த, தலைக்கு மேல் காற்று கூடுதலாக உள்ள நிலம் தேவை. ஊர்தி ஓடுவது சூரிய மின்சாரத்தில். ஆகவே தெற்கே 5 பாகை முதல் வடக்கே 25 பாகை வரைதான் தேடினார்கள். 'முகம்' இருக்கும் சிடோனியாவோ 40 பாகைக்கும் வடக்கே.

இனி நிலவியல், என் துறை. 2018 நவம்பரில் பரிந்துரைக்கப்பட்ட ஆக்சியா பிளானத்தில் சுமார் 400 கோடி ஆண்டுப் பழைமையான, நீர் பட்டு உருவான களிமண் கனிமங்கள் பரந்து கிடக்கின்றன. கரிமப் பொருளைப் பொத்திவைப்பதில் களிமண்ணுக்கு நிகர் குறைவு. அங்கே 2 மீட்டர் வரை துளையிட்டு, மேற்பரப்பைத் தாக்கும் கதிர்வீச்சு எட்டாத ஆழத்திலிருந்து மாதிரி எடுக்கப்போகிறார்கள். உயிரின் தடயத்தை மறைக்கிறவர்கள் இப்படியா இடம் பார்ப்பார்கள்? போட்டியில் இருந்த மாவர்த் வாலிசிலும் களிமண் உண்டு. ஆனால் ஆக்சியா அதைவிடத் தாழ்வு, இறங்கவும் பாதுகாப்பு.

நம்பிக்கை 2: ஒரு புள்ளியில் குறிவைத்து இறக்குவார்கள்.

உண்மை: இல்லை. இந்த ஊர்திக்குக் குறித்தது சுமார் 120 கி.மீ. நீளம், 19 கி.மீ. அகலமுள்ள நீள்வட்டம்.

நம்பிக்கை 3: இடம் அமையாததால்தான் பயணம் தள்ளிப்போகிறது.

உண்மை: இடம் முடிவாகி வருடங்கள் ஆகின்றன. 2020-ல் தடுத்ததில் பாராசூட் கோளாறுக்குப் பங்கு உண்டு. 2022-ல் தடுத்தது உக்ரைன் போர்.

ஆசிரியர்களே, சம உயரக் கோடுகளைத் தேர்வுக்கு மட்டும் சொல்லித்தராதீர்கள். செவ்வாயின் உயர வரைபடம் இணையத்தில் இலவசம். பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்து, இந்த நிபந்தனைகளைச் சொல்லி, இடத்தை அவர்களையே தேடவிடுங்கள். முகப் பாறையைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள்.