பேரேடு தெரிந்தவருக்குக் கணினிக் கணக்கு

எம்.ரெட்டியபட்டி சுற்று வட்டாரத்தில் நமது பற்று வரவு மானாவாரி மல்லியையும் மிளகாயையும் நம்பியது. ஐப்பசியில் கடனாகக் கொடுத்த சரக்குக்கு மாசி, பங்குனியில்தான் பணம் வரும். அத்தனை மாதம் நிற்கும் பாக்கியில் ஒரு வரி ஆள் மாறி ஏறினால் பணத்தோடு வாடிக்கையும் போய்விடும். ஆகவே கணினியில் கணக்கு எழுத முனையும் நம் பிள்ளைகள் கீழ்க்கண்டவற்றை அறிவது அவசியம்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கியது. 1996 முதல் அதன் பெயர் போஸ்ட்கிரெஸ்க்யூஎல். பைத்தான் மொழியிலிருந்து அதனோடு பேச எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற நூலகம் 2006 முதல் உள்ளது. இரண்டுமே மூலநிரல் திறந்தவை. லைசென்சுக்குக் காசு கிடையாது.

பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். பேரேடு எழுதியவருக்குப் பாதி தெரிந்ததே. வாடிக்கையாளர், சரக்கு, பில், பில் வரி என்று நான்கு அட்டவணைகள் போடுகிறோம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண், பேரேட்டுப் பக்க எண் போல. ஒரே ஊரில் இரண்டு முருகன் ஸ்டோர் இருந்தாலும் எண் வேறு. பில்லில் அந்த எண்தான் ஏறவேண்டும். இரு அட்டவணைகளுக்கும் உறவு சொல்லி வைத்துவிட்டால், இல்லாத எண்ணைத் தரவுத்தளமே ஏற்காது. நூலகத்தின் வேலை, அட்டவணையின் ஒரு வரியை ஓர் ஆப்ஜெக்டாக நம் கையில் தருவது. இந்தக் கடைக்காரரின் பில்கள் எவை என்று கேட்டால், வினவலைத் தானே எழுதி எடுத்துக் கொடுக்கும்.

விலை விஷயத்தில்தான் பலர் சறுக்குவார்கள். துவரம்பருப்பு விலையைச் சரக்கு அட்டவணையில் மட்டும் வைத்தால், இன்று விலையை மாற்றியதும் போன மாதப் பில்லும் மாறிக் காட்டும். விற்ற விலையைப் பில் வரியிலேயே எழுதுங்கள். பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம், நியூமெரிக் போடவும். ஃப்ளோட்டில் 10 பைசாகூடத் துல்லியமாக நிற்காது. நாளடைவில் கணக்கு உதைக்கும்.

'கமிட்' கொடுக்கும் வரை எழுதியதெல்லாம் சிட்டைக் குறிப்புதான், பேரேட்டில் ஏறாது. பில் ஏறுவதையும் இருப்புக் குறைவதையும் ஒரே கமிட்டில் வைத்தால், நடுவில் கரண்ட் போனாலும் பாதிக் கணக்கு நிற்காது. நமது ஊர் மின்சாரத்துக்கு இது ஒன்றே போதும்!

பழகுவதற்கு எஸ்க்யூலைட் நல்லது, பைத்தானுடனேயே வருகிறது. தமிழில் படிக்க, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' நூலைக் கணியம் இலவசமாக வெளியிட்டுள்ளது. தரவுத்தளம் வேறானாலும் வினவலின் அடிப்படை ஒன்றே.

முதல் சில மாதங்கள் நோட்டிலும் கணினியிலும் சேர்த்தே எழுதி, வாரம் ஒருமுறை பாக்கியை ஒத்துப் பாருங்கள். ஒத்து வரும்வரை நோட்டை மூட வேண்டாம். நகல் எடுத்த பென்டிரைவைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைக்கவும்.