மேவரிக் வாங்குமுன் டிரெயிலரை எடை போடுங்கள்

அமெரிக்காவில் சிறிய பிக்கப் வாங்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ஃபோர்டு மேவரிக்கில் ஹைபிரிட் எடுப்பதா, டர்போ எடுப்பதா? டீலரிடம் கேட்டால் குதிரைத்திறனைச் சொல்வார்கள். 2022 மாடலாக வண்டி வந்தபோது ஹைபிரிட்டுக்கு 191, டர்போவுக்கு 250. எண்ணைப் பார்த்ததும் மனசு டர்போ பக்கம் சாய்ந்துவிடும். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆபீசுக்கும் கடைக்கும் போய்வந்து, வார இறுதியில் மரப்பலகையும் மண் மூட்டையும் ஏற்றுகிறவருக்கு ஹைபிரிட்தான் சரியான வண்டி. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். டர்போ யாருக்கு என்றால், கனமான டிரெயிலரை அடிக்கடி இழுப்பவருக்கும் உயர்ந்த மலைப்பாதையில் சுமையோடு ஏறுபவருக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

ஹைபிரிட்டில் இருப்பது 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். அட்கின்சன் சுழற்சியில் ஓடுவது. காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதமாக மூடி, விசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு துளி பெட்ரோலிலிருந்தும் கூடுதல் வேலையைக் கறந்துகொள்ளும் ஏற்பாடு அது. விட்டுக்கொடுத்த விசையை மின்மோட்டார் ஈடுகட்டுகிறது. டர்போவில் இருப்பது 2 லிட்டர் எஞ்சின்தான். ஆனால் வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் பெரிய எஞ்சினைப் போல இழுக்கிறது. கியர்பாக்ஸ் வழக்கமான 8 கியர் ஆட்டோமேட்டிக். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலை எட்ட டர்போவுக்கு சுமார் 6 வினாடி, ஹைபிரிட்டுக்கு சுமார் 8 வினாடி. நெடுஞ்சாலையில் நுழைய அந்த 8 வினாடி தாராளம்.

இப்போது காசுக் கணக்கு. 2022 மாடலுக்கு அரசின் மதிப்பீட்டில் ஹைபிரிட் கேலனுக்குச் சராசரியாக 37 மைல், அதாவது லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்கு மேல். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் டர்போவுக்கு 25 மைல், லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுகிறவருக்கு ஹைபிரிட் 405 கேலன் குடிக்கும். டர்போ 600 கேலன். வித்தியாசம் 195 கேலன். கேலன் 3 டாலர் என்றால் ஆண்டுக்கு 585 டாலர். 4.50 டாலர் கொடுக்கும் இடத்தில் 877 டாலர். 2024 மாடலில் ஹைபிரிட்டுக்கு 1,500 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். 3 டாலர் விலையில்கூட இரண்டரை ஆண்டுகளில் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். 2025-ல் ஹைபிரிட்டே அடிப்படை எஞ்சின் ஆகிவிட்டது. அப்புறம் கணக்கே தேவையில்லை, முதல் நாளிலிருந்தே மிச்சம்தான்.

ஆனால் நீங்கள் எந்தச் சாலையில் ஓடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். 2022 ஹைபிரிட்டுக்கு நகரத்தில் 42 மைல், நெடுஞ்சாலையில் 33 மைல். பெட்ரோல் வண்டிகளுக்கு வழக்கமாக நெடுஞ்சாலையில்தான் மைலேஜ் கூடும், இங்கே தலைகீழ். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும்போது பிரேக்கில் வீணாகும் ஆற்றலை பேட்டரி பிடித்து வைத்துக்கொள்கிறது. 75 மைல் வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும்போது பிடிக்க எதுவும் இல்லை. காற்றைக் கிழிக்கும் வேலையை எஞ்சினே செய்ய வேண்டும். டாலஸிலிருந்து ஹியூஸ்டனுக்கு வாரம் இருமுறை போய்வருகிறவருக்கு ஹைபிரிட்டின் லாபம் மேலே சொன்ன கணக்கைவிடக் குறையும், ஆனாலும் லாபம் இருக்கும். டர்போவின் நெடுஞ்சாலை மதிப்பீடு 29 தானே! மிச்சிகன், மினசோட்டா பனிக்காலத்திலும் ஹைபிரிட்டின் மைலேஜ் இறங்கும். உள்ளே சூடு வேண்டும் என்பதற்காகவே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து பேட்டரி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

டிரெயிலருக்கு வருவோம். பலரும் குழம்பிப்போவது இங்கேதான். சுமப்பது வேறு, இழுப்பது வேறு. வண்டி சுமப்பதற்கு இரண்டு எஞ்சினுக்கும் உச்சவரம்பு ஒன்றுதான்: 1,500 பவுண்டு. இதில் ஓட்டுநரும் பயணிகளும் அடக்கம். இரண்டு பேர் உட்கார்ந்த பிறகும் 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை 14 ஏற்றலாம். வீட்டு வேலைக்கு இதற்கு மேல் யாருக்கு வேண்டும்? சொல்லப்போனால் கரடுமுரடான பாதைக்கென்று விற்கும் டர்போ வண்டியான ட்ரெமரில் சுமைவரம்பு 1,200 பவுண்டுதான். உங்கள் வண்டியின் உண்மையான வரம்பு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கிறது. விளம்பரத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

இழுப்பதில்தான் வேறுபாடு. 2024 வரை வந்த ஹைபிரிட் 2,000 பவுண்டு இழுக்கும், சுமார் 900 கிலோ. டர்போ, 4,000 பவுண்டு இழுவைப் பேக்கேஜோடு வாங்கினால் 1,800 கிலோ. சின்னப் படகு, நீர் ஸ்கூட்டர், புல்வெட்டும் இயந்திரம் ஏற்றிய திறந்த டிரெயிலர், இவையெல்லாம் பெரும்பாலும் 2,000 பவுண்டுக்குள் அடங்கிவிடும். தூங்கும் வசதியுள்ள கேம்பர் அடங்காது. கேம்பர் விற்பவர்கள் சொல்லும் எடை வெற்று எடை. 30 கேலன் தண்ணீரை நிரப்பினால் அதுவே 250 பவுண்டு. எரிவாயு சிலிண்டர், பாத்திரம், படுக்கை, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அதற்கு மேல். டிரெயிலரின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுத்தும். அந்த அழுத்தம் உங்கள் 1,500 பவுண்டு சுமைக்கணக்கில் கழியும். 4,000 பவுண்டு டிரெயிலர் கட்டினால் 400 பவுண்டு அங்கேயே போய்விடும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெயிலருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்று சட்டமும் உண்டு. உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்போ வாங்கினாலே 4,000 பவுண்டு இழுக்கலாம் என்று நினைப்பது தவறு. அந்தப் பேக்கேஜ் இல்லாத டர்போவுக்கும் வரம்பு 2,000 தான். பேக்கேஜில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் குளிர்விக்கும் கூடுதல் ஏற்பாடு, வேறு இறுதிக் கியர் விகிதம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. பின்னால் ஒரு கொக்கியை மாட்டிவிட்டு அதே திறன் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். "டோ பேக்கேஜ் இருக்கு சார்" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

மலை ஏறுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் டர்போ இல்லாத எஞ்சின் சுமார் 3 சதவீத விசையை இழக்கும். டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு விசை போய்விடும். ஹைபிரிட்டின் எஞ்சின் மட்டும் தருவது 162 குதிரைத்திறன். அந்த உயரத்தில் அது 110-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மோட்டார் உதவாதா? உதவும். ஆனால் பேட்டரி 1.1 கிலோவாட் மணி அளவுதான். நீண்ட ஏற்றத்தில் சில நிமிடங்களில் அதன் கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு எஞ்சின் அலறிக்கொண்டே ஏற வேண்டியதுதான். ஏறாமல் நின்றுவிடாது; வலது ஓரப் பாதையில் லாரிகளோடு போகும். டர்போ மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பின் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடுகிறது. கொலராடோவிலும் யூட்டாவிலும் டிரெயிலரோடு மலையேறும் குடும்பத்துக்கு டர்போவைத்தான் சொல்வேன், மைலேஜ் போனால் போகட்டும். இறங்கும்போதும் ஹைபிரிட்டின் சின்ன பேட்டரி சீக்கிரம் நிரம்பிவிடும். கியரை எல்-க்கு மாற்றி எஞ்சினையும் தடையாகப் பயன்படுத்தப் பழகுங்கள்.

2025 மாடல் இந்தக் கேள்வியின் பாதியை மாற்றிவிட்டது. அதுவரை நான்கு சக்கர விசை வேண்டுமென்றால் டர்போவைத்தான் வாங்க வேண்டும். பனி விழும் ஊர்க்காரர்கள் பலர் அந்த ஒரே காரணத்துக்காகத் தேவையில்லாத எஞ்சினை வாங்கினார்கள். 2025-லிருந்து ஹைபிரிட்டிலும் நான்கு சக்கர விசை கிடைக்கிறது. அதோடு சேர்த்து 4,000 பவுண்டு இழுவைப் பேக்கேஜும் வாங்கலாம். ஆகவே புது வண்டி வாங்கும் பாஸ்டன்காரருக்கும் சிகாகோக்காரருக்கும் டர்போ எடுக்கப் பனி இனி ஒரு காரணம் ஆகாது. சமவெளியில் எப்போதாவது 3,000 பவுண்டு இழுப்பவருக்கும் அப்படியே.

பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம் பலரை டர்போ பக்கம் தள்ளுகிறது. ஹைபிரிட் பாகங்களுக்கு 8 ஆண்டு அல்லது 100,000 மைல் வாரண்டி உண்டு. இரண்டு வண்டிக்கும் பொதுவான எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல். ஹைபிரிட்டின் கியர்பாக்ஸில் படிப்படியாக மாறும் கியர்கள் இல்லை. ஒரு கோள்பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டார்களும்தான். தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. பிரேக் பேடு நெடுநாள் வரும். தேய்ந்துபோகக்கூடிய பொருள்கள் குறைவு என்பதால் பத்தாண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு நான் ஹைபிரிட்டைத் தயங்காமல் சொல்வேன். டர்போ கெட்ட எஞ்சின் அல்ல. ஆனால் அது ஆயிலை நம்பி வாழ்வது. டர்பைன் தாங்கிகள் கொதிக்கும் சூட்டில் சுழல்கின்றன. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு அது ஏற்றதல்ல. அன்றாட ஓட்டத்துக்கு இரண்டுக்கும் 87 ஆக்டேன் போதும். வெயிலில் டிரெயிலர் இழுக்கும் நாளில் டர்போவுக்கு உயர்தர பெட்ரோல் போடுங்கள்.

போட்டி வண்டியான ஹூண்டாய் சான்டா குரூஸின் டர்போ 5,000 பவுண்டு வரை இழுக்கும், அதில் ஹைபிரிட் கிடையாது. டொயோட்டா டகோமாவில் ஹைபிரிட் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது டர்போவும் மோட்டாரும் சேர்ந்த 326 குதிரைத்திறன் ஏற்பாடு. விசைக்காகச் செய்தது, மேவரிக்கின் சிக்கனத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

என்றாவது ஒரு நாள் கேம்பர் வாங்குவோம் என்ற எண்ணத்தில் இன்றைக்கே டர்போவுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சுமை இழுக்க வேண்டி வந்தால் இழுவைத்திறன் உள்ள பிக்கப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். டிரெயிலர் ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது என்றால், அதைச் சாமான்களோடு லாரி எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சில டாலர் செலவில் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பழைய ஹைபிரிட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022-ல் இந்த 2.5 லிட்டர் ஹைபிரிட் எஞ்சின் பொருத்திய வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. எஞ்சின் உடைந்து ஆயிலோ பெட்ரோல் ஆவியோ கசிந்தால் தீப்பிடிக்கக்கூடும் என்பது காரணம். அடுத்த ஆண்டு இன்னும் பல வண்டிகள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் 17 இலக்க வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, குறித்துக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இலவசம்தான். சரிசெய்யாத வேலை பாக்கி இருந்தால், அதை டீலரிடம் முடித்துத் தரச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.